சக்கர நாற்காலிக்கு ஏற்ற விடுமுறை வீடு: முன்பதிவுக்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கேள்வி இதுதான். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமான அம்மா, அவரைப் பார்த்துக்கொள்ளும் அப்பா, மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். எல்லோருமாக ஒரு வாரம் கிராமப்புறத்தில் ஒரு வீடு எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்க நினைக்கிறார்கள். கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று, பழைய தானியக் கிடங்கை மாற்றிக் கட்டிய அழகான கல்வீடு. இன்னொன்று, வயல் ஓரத்தில் புதிதாகக் கட்டிய சாதாரண ஒற்றைத்தள வீடு. இரண்டின் விளம்பரத்திலும் ‘சக்கர நாற்காலிக்கு ஏற்றது’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா, எதை எடுப்பது என்று மகள் கேட்கிறார்.

அந்த வரியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் மனதில் இருக்கும் சக்கர நாற்காலி வேறு, உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பது வேறு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் வழியே உள்ளே போக முடிந்தாலே பலர் ‘ஏற்றது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் எடுக்கப்போவது சமைத்துச் சாப்பிடும் வீடு. அங்கே உங்கள் அம்மா காலையில் எழுந்து, குளித்து, அடுப்படிக்குப் போய், நினைத்தபோது வெளியே வந்து உட்கார முடிய வேண்டும். உள்ளே நுழைவது வேறு, ஒரு வாரம் வாழ்வது வேறு. வீட்டுக்காரரிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் இந்த இரண்டாவதைப் பற்றியதாக இருக்கட்டும்.

வீட்டை அளக்கச் சொல்வதற்கு முன் அம்மாவை அளந்துவிடுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைச் சக்கர வளையத்தில் வைத்திருக்கும்போது, முழங்கை வெளியே தள்ளி நிற்பதையும் சேர்த்து மொத்த அகலம் எவ்வளவு? கால்வைப்பு மிதியின் நுனியிலிருந்து பின்சக்கரம் வரை நீளம் எவ்வளவு? இருக்கையின் உயரம், மெத்தை அமுங்கிய பிறகு எவ்வளவு? தரையிலிருந்து முழங்காலின் மேற்புறம் வரை எவ்வளவு? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, வீட்டில் அவர் எந்தப் பக்கமாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார் என்பதையும் எழுதுங்கள். வலப்பக்கம் பலவீனம் என்றால் பெரும்பாலும் பலமுள்ள இடப்பக்கமாகத்தான் மாறுவார். இந்த ஒரு விவரம் குளியலறைக்கு வரும்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இப்போது கதவு. ‘கதவு 80 சென்டிமீட்டர்’ என்று பதில் வந்தால் அது கதவுப் பலகையின் அகலமா, திறந்தபின் கிடைக்கும் வழியின் அகலமா என்று மறுபடி கேளுங்கள். கதவை 90 பாகை திறந்து நிறுத்தினாலும் பலகையின் கனமும் கீலும் வழியில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். 80 செ.மீ. பலகை போட்ட கதவில் உண்மையில் 75 செ.மீ. அளவுதான் கிடைக்கும். சாதாரணக் கையால் தள்ளும் நாற்காலிகள் 60 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும். விரல் மூட்டுகள் நிலைக்கட்டையில் உரசாமல் போக இருபுறமும் சில சென்டிமீட்டர் வேண்டும். அமெரிக்க விதி தெளிவான வழி குறைந்தது 81.5 செ.மீ. இருக்கச் சொல்கிறது, இந்திய வழிகாட்டு விதி 90 செ.மீ. கேட்கிறது. நேராக உள்ளே போகிற வாசல் என்றால் குறைந்த அளவு போதும். குறுகிய நடையிலிருந்து திரும்பி நுழைய வேண்டிய அறை என்றால் அதே அளவு போதாது. குளியலறைக் கதவு பல வீடுகளில் இப்படித்தான், நடையின் ஓரத்தில், மற்ற எல்லாக் கதவுகளையும் விடக் குறுகலாக இருக்கும். வாசல் கதவின் அளவை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

படி என்று வந்தால், ‘ஒரே ஒரு சின்னப் படிதான், பலகை போட்டுக்கொள்ளலாம்’ என்ற பதிலைத்தான் அதிகம் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நாடுகளின் விதிகளில் சாய்தளத்தின் உச்ச அளவு 1-க்கு 12. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று படி, 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர். இதற்கு ஒரு மீட்டர் பலகையை வைத்தால் அது சாய்தளம் அல்ல, சறுக்கு மரம். அம்மா ஒரு கையாலும் ஒரு காலாலும் நாற்காலியை நகர்த்துபவர் என்றால் 1-க்கு 12 என்பதுகூட அவருக்குத் தனியாக ஏற முடியாத ஏற்றம்தான், பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். 1-க்கு 20 என்றால் மூச்சு வாங்காமல் போகலாம்.

படியை விடத் தொல்லை தருவது, யாரும் படி என்று எண்ணாத வாசல் கட்டை. தரையிலிருந்து இரண்டு செ.மீ. எழும்பிய ஒரு கட்டை போதும், நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் அதில் முட்டி நின்றுவிடும். வேகமாக வந்தால் உட்கார்ந்திருப்பவர் முன்னே சாய்வார். முற்றத்துக்குப் போகும் கண்ணாடிச் சறுக்குக் கதவுகளின் அடியில் இப்படி ஒரு தண்டவாளம் இருக்கும். ஆகவே ‘படி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘வாசல், குளியலறை, பின்கதவு, இந்த மூன்றின் கீழ்க்கட்டையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம்’ என்று கேளுங்கள். அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கிராமப்புற வீடுகளுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு, சரளைக்கல். முன்புறம் பார்க்க அழகாக இருக்கும் என்று ஆழமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். சக்கரம் அதில் புதைந்து சுற்றும், நகராது. காரை எங்கே நிறுத்துவது, அங்கிருந்து வாசல் வரை தரை எப்படி என்று கேளுங்கள். சிமெண்டு, தார், கெட்டியாக அழுத்திய மண் இவை சரி. புல்தரை மழைக்கு முன் சரி, மழைக்குப் பின் சேறு. காரின் பக்கவாட்டில் நாற்காலியை இறக்கி வைத்துத் திருப்ப 1.2 மீட்டராவது இடம் வேண்டும். பின்பக்கத்திலிருந்து இறக்கும் வண்டி என்றால் பின்னால் மூன்று மீட்டர் காலி வேண்டும். அந்த இடம் சரிவாக இருக்கக்கூடாது.

குளியலறை பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ‘கைப்பிடிக் கம்பிகள் உண்டு’ என்பது பதிலே அல்ல. கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் சுவர் எந்தப் பக்கம், திறந்த இடம் எந்தப் பக்கம்? அம்மா இடப்பக்கமாக மாறுபவர் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியிலிருந்து இருக்கைக்குப் போகும்போது இடது பக்கம் வசதியாக அமைந்தால், திரும்பி நாற்காலிக்கு வரும்போது அதே இடம் அவருக்கு வலது பக்கமாகிவிடும். அதனால்தான் இருபுறமும் இடமுள்ள கழிப்பறை கிடைத்தால் அது பெரிய வரம். கிடைக்காவிட்டால், இடது கையால் பிடிக்கும் இடத்தில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். வலது கைப் பக்கச் சுவரில் மட்டும் கம்பி இருந்தால், எவ்வளவு உறுதியான கம்பியானாலும் அவருக்கு அது இல்லாத மாதிரிதான். இப்படி ஒரு குளியலறையை வீட்டுக்காரர் நல்ல மனதோடு, நிறையச் செலவு செய்து கட்டியிருப்பார். பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது பொருந்தும், பாதிப் பேருக்குப் பொருந்தாது.

கம்பி எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். அமெரிக்க விதிப்படி ஒரு பிடிகம்பி 250 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். துண்டு காயப்போடும் கம்பி அப்படித் தாங்காது, உடலைத் தூக்க யாராவது அதைப் பிடித்தால் சுவரோடு வந்துவிடும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் வைத்த கைப்பிடிகளையும் உடல் பாரத்துக்கு நம்பாதீர்கள், நிலை தடுமாறாமலிருக்கத் தொட்டுக்கொள்ள மட்டும்தான் அவை. இருக்கை உயரம் 43 முதல் 48 செ.மீ. வரை இருப்பதுதான் வழக்கமான அளவு. உங்கள் தாளில் எழுதி வைத்த நாற்காலி உயரத்தோடு ஒப்பிடுங்கள். தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தியைக் கொண்டுபோகலாம். தரையோடு சமமாக, கட்டையில்லாமல் சக்கரத்தோடே உள்ளே போகும் ஷவர்தான் வேண்டும். குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கும் ஷவர் வேண்டவே வேண்டாம். ஷவரில் உட்காரும் நாற்காலி அங்கேயே இருக்கிறதா, அதற்குக் கைதாங்கி உண்டா, சுவரோடு மடக்கும் இருக்கை என்றால் தண்ணீர்க் குழாயின் பிடி அங்கிருந்து இடது கைக்கு எட்டுமா?

இன்னொன்று, வெந்நீர். பக்கவாதத்துக்குப் பிறகு பலவீனமான பக்கத்தில் தொடுவுணர்ச்சியும் குறைந்திருக்கலாம். 60 பாகை செல்சியஸ் வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும், அவருக்கோ சுடுவது தெரியாமலே போகலாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் குழாய் பொருத்தி, ஷவரில் 41 பாகைக்கு மேல் போகாதபடி பூட்டியிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் எப்போதும் வேறொருவர் கையால், அல்லது அம்மாவே இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர் மேலே பட வேண்டும்.

கட்டிலைப் பொறுத்தவரை உயரம்தான் முதல் கேள்வி. நாற்காலி இருக்கையும் மெத்தையின் மேற்பரப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், 45 முதல் 50 செ.மீ. வரை இருந்தால் மாறி உட்காருவது எளிது. அழகுக்காகப் போட்ட உயரமான பழங்காலக் கட்டில்களில் அம்மாவின் கால் தரையைத் தொடாது. கட்டிலின் ஒரு பக்கம், அதுவும் சரியான பக்கம், 90 செ.மீ. காலியாக வேண்டும். கட்டிலை நகர்த்திப் போடலாமா என்று கேட்டுவிடுங்கள், பல வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள். உங்கள் அம்மாவை ஒருவர் துணையோடு மாற்ற முடிகிறது, அதனால் ஆளைத் தூக்கி மாற்றும் கருவி வேண்டியதில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அது தேவை என்றால், கட்டிலுக்கு அடியில் கருவியின் கால்கள் போக 15 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்பெட்டி தரைவரை மூடிய கட்டிலுக்கு அந்தக் கருவி பயன்படாது. உடலைத் தாங்கும் தொட்டில்துணியை உங்களுடையதையே கொண்டுபோங்கள், அது அங்குள்ள கருவியின் கொக்கியில் மாட்டக்கூடிய வகைதானா என்று முன்பே சரிபாருங்கள்.

இனி அடுப்படி. நான் வீடுகளை இந்தக் கண்ணோடு பார்க்கும் வேலையில் இருப்பவன். குளியலறைக்குக் காசு செலவழித்தவர்களில் பெரும்பாலோர் அடுப்படியைத் தொடுவதில்லை. ‘அவர்கள் சமைக்க மாட்டார்கள், கூட வருபவர்கள் சமைப்பார்கள்’ என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். உங்கள் கேள்வியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: நோய் வருவதற்கு முன் வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர் அம்மா, இப்போது அடுப்படிப் பக்கமே வருவதில்லை என்று. அவர் வராமலிருப்பது விருப்பமில்லாததாலா, மேடை எட்டாததாலா என்று கேட்டுப் பாருங்கள். விடுமுறையில் அவர் காய் நறுக்கி, குழம்பை ருசி பார்த்து, உப்பு போதாது என்று சொல்ல முடிகிற அடுப்படி கிடைத்தால் அந்த வாரமே வேறாக இருக்கும்.

அதற்கு வேண்டியவை பெரிய மாற்றங்கள் அல்ல. வழக்கமான சமையல் மேடை 90 செ.மீ. அளவில் இருக்கும், உட்கார்ந்தவருக்கு அது நெஞ்சு உயரம். 75 முதல் 85 செ.மீ. உயரத்தில், அடியில் அலமாரி இல்லாமல் முழங்கால் நுழைகிற ஒரு பகுதி போதும். முழங்காலுக்கு 70 செ.மீ. உயர இடைவெளி வேண்டும். அப்படி மேடை இல்லையென்றால் நல்ல உறுதியான சாப்பாட்டு மேசை ஒன்று அடுப்படியிலேயே இருந்தால் அதுவே மேடையாகிவிடும், ஆனால் மேசையின் குறுக்குச் சட்டம் முழங்காலில் இடிக்கக்கூடாது. மேசைக்கு அடியில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு வாரம் முழுக்க அம்மா மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட வேண்டி வருவது இந்த ஒரு சட்டத்தால்தான்.

அடுப்பின் திருகுகள் முன்புறம் இருக்க வேண்டும். பின்புறம் இருந்தால் எரியும் அடுப்பைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டிவரும். உட்கார்ந்தவரின் கை எட்டும் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 120 செ.மீ. வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ், கெட்டில், விளக்கு சுவிட்சு, தட்டு, டம்ளர் எல்லாம் இதற்குள் இருக்க வேண்டும். சாமான்களை மேலலமாரியிலிருந்து இறக்கிக் கீழே வைக்கும் வேலையைப் போன உடனே நீங்களே செய்துவிடலாம். ஆனால் மைக்ரோவேவைச் சுவரில் பதித்து வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஓவன் கதவு கீழ்நோக்கித் திறந்தால் அது நாற்காலிக்கும் ஓவனுக்கும் நடுவே சூடான பலகையாக நிற்கும். பக்கவாட்டில் திறப்பது நல்லது, அடியில் இழுத்து வைக்கும் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு கையால் சமைப்பதில் மிகக் கடினமான நொடி எது தெரியுமா? தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைச் சிங்கிலிருந்து அடுப்புக்குக் கொண்டுபோவது. ஒரு கை பாத்திரத்தைப் பிடித்தால் நாற்காலியை நகர்த்தக் கையில்லை, மடியில் வைத்துக்கொண்டால் வரும்போது வெந்நீர். சிங்கும் அடுப்பும் ஒரே மேடையில், நடுவே இடைவெளி இல்லாமல் இருந்தால் பாத்திரத்தைத் தூக்காமல் மேடைமேல் நகர்த்தியே கொண்டுபோய்விடலாம். விளம்பரப் படத்தில் இதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நழுவாத ரப்பர் விரிப்பு ஒன்று, காயைக் குத்தி நிறுத்தும் ஆணி வைத்த நறுக்குப் பலகை ஒன்று, இலேசான பாத்திரம் ஒன்று, இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

அப்பாவைப் பற்றியும் யோசியுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு, சரியில்லாத வீட்டில் ஒரு வாரம் என்பது அதே வேலையை இன்னும் வசதிக்குறைவாகச் செய்யும் ஒரு வாரம்தான். அம்மாவின் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒழுங்கான படுக்கை இருக்கிறதா, அல்லது வரவேற்பறை சோபாவா? இரண்டு இரவாவது நீங்களும் உங்கள் கணவரும் முறை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பக்கம் மணிக்கணக்கில் உதவிக்கு வரும் பராமரிப்பாளர் கிடைப்பாரா என்று வீட்டுக்காரரிடம் முன்பே விசாரிக்கலாம். ஹோட்டலை விட இப்படிப்பட்ட வீட்டில் உள்ள சௌகரியமே, நேரம் நம் கையில் இருப்பதுதான். காலை உணவுக்கு ஓடிப்போய் நிற்க வேண்டாம். விழுங்கச் சிரமமுள்ளவருக்கு மசித்தோ கெட்டியாக்கியோ நம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். மருந்துக்குக் குளிர்பெட்டி உண்டு. அழுகை வந்தாலும் கோபம் வந்தாலும் வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. ஆனால் நள்ளிரவில் கூப்பிட்டால் வருவதற்கு வரவேற்பு மேசையும் அங்கே இல்லை.

எனவே இரவைப் பற்றிச் சில கேள்விகள். கைபேசி சிக்னல் வீட்டுக்குள் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் தரைவழித் தொலைபேசியோ வைஃபை வழியாகப் பேசும் வசதியோ வேண்டும். அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், ஆம்புலன்ஸ் அந்தச் சாலையில் வாசல்வரை வருமா? வீட்டின் இருப்பிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரு தாளில் எழுதித் தொலைபேசி பக்கத்தில் ஒட்டுங்கள், பதற்றத்தில் வழி சொல்ல வராது. மின்சாரம் அடிக்கடி போகுமா? காற்றழுத்த மெத்தை, ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்க்கேள்வி. அவர்கள் ஆக்சிஜன் தருபவர்களிடம் விடுமுறை முகவரியைப் பல நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். தீ விபத்து என்றால் படி இல்லாமல் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்பதையும் விட்டுவிடாதீர்கள். சாய்தளம் முன்வாசலில் மட்டும் இருந்து, தீ அடுப்படியில் பிடித்து, அடுப்படி முன்வாசல் பக்கம் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

வீட்டுக்கு வெளியே என்ன செய்வீர்கள் என்பதும் முக்கியம். கிராமப்புறத்துக்குப் போய் ஒரு வாரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க அம்மா வரவில்லை. நடைபாதைகளில் ஆடுமாடு போகாமல் தடுக்கும் சுழல்கதவுகளில் நாற்காலி நுழையாது, ஏறித் தாண்டும் மரப்படிகளைச் சொல்லவே வேண்டாம். தரையில் கம்பி பதித்த மாட்டுத் தடுப்பில் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும், பக்கத்தில் திறக்கும் கதவு ஒன்று இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பிக் கெட்டியான தரையில் அரை மணி நேரம் போய்வர ஒரு வழி இருந்தாலே போதும். பகலில் எங்காவது போவதானால் அங்கே கழிப்பறை எப்படி என்று கிளம்புமுன் பாருங்கள். பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய ‘சேஞ்சிங் பிளேசஸ்’ இயக்கம் பெரியவர்களைப் படுக்கவைத்து உடைமாற்றும் மேசையும் தூக்கும் கருவியும் உள்ள 12 சதுர மீட்டர் கழிப்பறைகளைப் பொது இடங்களில் கொண்டுவந்தது. அப்படி ஒன்று வழியில் இருந்தால் முழுநாள் வெளியே இருக்கலாம், இல்லாத இடங்களில் பல குடும்பங்கள் சீக்கிரமே வீடு திரும்பிவிடுகின்றன.

கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு, ஓய்வும் பொழுதுபோக்கும் சுற்றுலாவும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்றே சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு எழுத்தில் அனுப்புங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ‘காரிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, அங்கிருந்து அடுப்படி வரை இடுப்பு உயரத்தில் கைபேசியைப் பிடித்து நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா’ என்று கேளுங்கள். அகலக்கோணப் படங்களில் சின்ன அறையும் மண்டபம் போலத் தெரியும், அந்த வீடியோவில் தெரியாது. நாற்காலி முழுச்சுற்று திரும்ப 1.5 மீட்டர் விட்டம் வேண்டும். குளியலறைத் தரையில் அந்த அளவுக்கு ஒரு நாடாவை விரித்துப் படம் எடுத்து அனுப்பும் வீட்டுக்காரரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அளவைச் சொல்லாமல் ‘இதுவரை யாரும் குறை சொன்னதில்லை’ என்பவரை விட்டுவிடுங்கள். அளவு பொருந்தாத இடத்தில் வாடகைக் கருவிகள் உதவும். ஷவர் நாற்காலி, இருக்கை உயர்த்தி, சாய்பலகை போன்றவற்றை விடுமுறை வீட்டுக்கே கொண்டுவந்து வைப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நோயால் பயணம் ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் கட்டுமுன் படித்துவிடுங்கள்.

சக்கர நாற்காலி மட்டுமே அணுகல் அல்ல என்பதால் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வை குறைந்தவருக்குத் தாழ்ந்த உத்தரங்களும், அடையாளமில்லாத கண்ணாடிக் கதவுகளும், ஓரத்தில் நிறம் மாறாத படிகளும் ஆபத்து. காது கேளாதவருக்கு ஒளிரும் அல்லது தலையணைக்கடியில் அதிரும் தீ எச்சரிக்கை வேண்டும், வீட்டுக்காரர் குறுஞ்செய்தியில் பேசத் தயாராக இருக்க வேண்டும். ஓடிவிடும் பழக்கமுள்ள குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது வேலி, அடுத்து பக்கத்தில் குளம் இருக்கிறதா என்பது. மறதி நோய் உள்ளவருக்குக் கட்டிலில் படுத்தபடியே கழிப்பறைக் கதவு தெரிந்தால் இரவில் அலைய வேண்டியதில்லை.

சரி, உங்கள் இரண்டு வீடுகள். கல்வீட்டின் படங்களைப் பார்த்தேன் என்றால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கிடங்குகளில் தரைமட்டம் அறைக்கு அறை மாறும். கனமான சுவரில் அமைந்த வாசலை அகலப்படுத்துவது கடினம், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் அனுமதியே கிடைக்காமல் போகலாம். பிள்ளைகள் மாடியில் விளையாட, பாட்டி கீழே தனியாக உட்கார்ந்திருக்கும் அமைப்பு வேறு. புதிய வீட்டில் அழகு குறைவு, ஆனால் எல்லோரும் ஒரே தளத்தில் இருப்பார்கள். ‘யூனிவர்சல் டிசைன்’ என்ற கருத்தை வடிவமைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். சிலருக்கென்று தனி ஏற்பாடாக இல்லாமல் எல்லோரும் பயன்படுத்தும்படி முதலிலேயே கட்ட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. திருகும் குமிழுக்குப் பதில் அழுத்தும் கைப்பிடி போட்ட கதவை அம்மா முழங்கையால் திறப்பார், இரண்டு கையிலும் பையோடு வரும் நீங்களும் அப்படியே திறப்பீர்கள். புது வீடு அப்படிப்பட்டதா என்பதை வீடியோ காட்டிவிடும்.

என் கணிப்பில் புது வீடுதான். ஒரே நிபந்தனை: கழிப்பறையில் அம்மாவின் இடது கைக்குக் கம்பி இருக்க வேண்டும், அல்லது கைதாங்கி உள்ள தனி நிற்கும் சட்டத்தை இருக்கைமேல் போட்டுக்கொள்ள இடம் இருக்க வேண்டும். கல்வீட்டுக்காரர் எல்லா அளவுகளையும் நாடாவோடு அனுப்பி, எல்லாம் உங்கள் தாளோடு ஒத்துப்போனால் அதையே எடுங்கள், தயங்க வேண்டாம். எதை எடுத்தாலும் முதல் நாள் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பெட்டிகளை இறக்குவதற்கு முன் அம்மாவைக் கழிப்பறை வரை ஒரு முறை கூட்டிப்போய்ப் பாருங்கள். ஏதாவது சரியில்லையென்றால் வீட்டுக்காரரைக் கூப்பிடவும், கட்டிலை நகர்த்தவும், கருவி வரவழைக்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.